மாறுவேட மாமா

அக்டோபர் 14-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு மேல் ராமேஸ்வரம் தீவில் எந்தக் கடையில் போய்க் கேட்டாலும் ஜிகினாத்தாள் தீர்ந்துபோயிருக்கும். மறுநாள் கலாம் பிறந்த நாள். 2015-லிருந்து தமிழக அரசு அதை இளைஞர் எழுச்சி நாளாகக் கொண்டாடி வருவதால் பள்ளிக்கூடங்களில் பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி, கட்டாயம் ஒரு மாறுவேடப் போட்டி. டீச்சர் வாட்ஸப் குழுவில் அறிவிப்புப் போட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். தாய்மார்கள் அதைப் பார்ப்பது 14-ஆம் தேதி சாயங்காலம். பார்த்த கையோடு அண்ணனுக்குப் போன் போடுவார்கள்.

"எண்ணே, பிள்ளைக்கு நாளைக்கு வேசம் கட்டணுமாம்ணே."

அந்த அண்ணன்தான் நம் கதாநாயகர். பிள்ளைகளுக்கு மாமா. பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் வரை ஊருக்கு ஒருவராவது இருப்பார். அக்காள்மடத்து மாமாவை எடுத்துக்கொள்வோம். தொழில், விசைப்படகுகளுக்கு எஞ்சின் வேலை பார்ப்பது. அது பிழைப்பு. வாழ்க்கை வேறு. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் எஞ்சினைப் பாதி பிரித்துப் போட்டுவிட்டுப் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். அந்த நேரம் பார்த்துப் படகு முதலாளி கூப்பிட்டால், "மூணாவது பிரிஞ்சிருச்சுங்க!" என்று ஆனந்தமாகச் சொல்வார். "பிரிஞ்சிருச்சா? நேத்துத்தானேப்பா மாட்டினே!" என்று முதலாளி அலறுவது இவர் காதில் விழாது. நாலாவது கட்டம் பற்றியிருக்கும்.

பேய்க்கரும்பில் 2017 ஜூலை 27-இல் கலாம் நினைவிடம் திறந்ததிலிருந்து மாமாவுக்கு அதுவே கோயில். போகிறவர்கள் சமாதியைக் கும்பிடுவார்கள், செல்பி எடுப்பார்கள். இவர் வெளியே நிற்கிற ஏவுகணை மாதிரியை அண்ணாந்து பார்த்து, துடுப்புக்கும் உடம்புக்கும் என்ன விகிதம் என்று விரலால் அளப்பார். காவலுக்கு நிற்பவர் முதலில் சந்தேகப்பட்டார். இப்போது பழகிவிட்டது.

இவருடைய சரக்கு எல்லாம் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. மீன்பெட்டித் தெர்மாகோல், வலையிலிருந்து கழன்ற மிதவை, ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன், அரை இஞ்ச் பிளாஸ்டிக் பைப் துண்டுகள், அறுந்த நைலான் கயிறு, கல்யாண வீட்டில் பிரியாணி மூடி வந்த அலுமினியத் தாள். எல்லாம் காசில்லாமல் வந்தவை. காசு போட்டு வாங்குவது சார்ட் அட்டையும் பசையும் மட்டும். பசையையும் பெரும்பாலும் மைதா மாவில் காய்ச்சிவிடுவார். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். மாமாவும் ஒரு தடவை கலக்கப் பார்த்தார். "பிள்ளை வாயில வைக்குமுங்க, நஞ்சுங்க அது!" என்று அத்தை கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அந்தக் கரண்டியும் அதன்பிறகு சமையலுக்குத் திரும்பவில்லை.

தெர்மாகோலை அறுத்தால் வெள்ளை மணிகள் உதிரும். உதிர்ந்தவை தரையில் கிடந்தால் பெருக்கலாம். அவை சேலையில் ஒட்டும், சுவரில் ஏறும், மீன் குழம்பில் மிதக்கும். "இதுல நூத்துக்கு 98 பங்கு காத்துத்தான் தெரியுமா? சரக்கு ரெண்டே பங்கு" என்று மாமா விளக்கினார். "அப்ப ஒங்களுக்குச் சொந்தந்தான்" என்று சொல்லிவிட்டு அத்தை குழம்பைக் கொட்டப் போனாள்.

கலாம் வேடம் எளிது என்கிறவர்கள் முடியைப் பற்றி யோசிக்காதவர்கள். கோட்டு யாரிடமாவது இரவல் கிடைக்கும். நடுவகிடு எடுத்து இரண்டு பக்கமும் சுருண்டு இறங்குகிற அந்த வெள்ளி முடி இல்லாவிட்டால் அது யாரோ ஒரு வக்கீல். கடையில் விற்கிற வெள்ளை விக் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்காகச் செய்தது. மாமா நைலான் கயிற்றை எடுப்பார். புரியைப் பிரித்து, புரிக்குள் இருக்கும் இழையைப் பிரித்து, பேன் சீப்பால் சீவுவார். புதுக் கயிறு பளீரென்று வெள்ளையாக இருக்கும், ஆகாது. உப்பிலும் வெயிலிலும் ஒரு பருவம் கிடந்த கயிறுதான் வேண்டும், அதில்தான் அந்தச் சாம்பல் நிறம் வரும். பழைய பனியனில் குல்லா தைத்து, இழையை வரிசை வரிசையாக அதில் தைத்து, நுனியைப் பென்சிலில் சுற்றி வெந்நீர் ஊற்றுவார். ஆறியதும் பென்சிலை உருவினால் சுருள் அப்படியே நிற்கும். தூங்குகிற மருமகன் தலையில் அதை மாட்டி, நாலடி தள்ளி நின்று பார்ப்பார். "வகிடு அரை இஞ்ச் இடதுபக்கம் போயிருச்சே" என்று பிரித்து மறுபடி தைப்பார். மணி ஒன்றரை இருக்கும்.

மறுநாள் மேடையில் வரிசையாகக் கலாம்கள் வந்து கனவு காணச் சொல்லிவிட்டு இறங்குவார்கள். இந்தத் தீவில் கலாம் பிறந்த நாளன்று கலாமாகப் போவது சீருடையில் போவதற்குச் சமம். அதை மாமா முதல் வருடமே புரிந்துகொண்டார். "எல்லாரும் கலாம். நம்ம, கலாம் செஞ்சதைப் போட்டுட்டுப் போவோம்" என்று முடிவு செய்தார். எஸ்.எல்.வி.-3.

அங்கேதான் கணக்கு வந்தது. எஸ்.எல்.வி.-3 உயரம் 22 மீட்டர். மருமகன் உயரம் 110 சென்டிமீட்டர். சரியாக இருபதில் ஒரு பங்கு! ஆண்டவனே அளந்து அனுப்பிய பிள்ளை என்று மாமா பூரித்துப்போனார். அடுத்த வரியில் இடி. ராக்கெட்டின் குறுக்களவு ஒரு மீட்டர். அதில் இருபதில் ஒரு பங்கு ஐந்து சென்டிமீட்டர். அந்தக் குழாயில் பிள்ளையின் முழங்கை நுழையவே யோசிக்கும். வேறு வழியில்லாமல் ராக்கெட்டை அகலமாக்கினார். கேட்பவர்களிடமெல்லாம், "அளவு சரிதான், பிள்ளைதான் குண்டு" என்றார். தங்கச்சி ஒரு வாரம் பேசவில்லை.

போட்டியன்று ராக்கெட் மேடைப்படியில் தடுக்கி விழுந்தது. கூட்டம் உச்சுக்கொட்ட, மாமா மட்டும் கைதட்டினார். "முதல் எஸ்.எல்.வி.யும் விழுந்துச்சு மாப்ள! 1979 ஆகஸ்ட் 10. நேரா வங்கக்கடல்ல. அடுத்த வருசம் ஜூலை 18-ல எந்திரிச்சு ரோகிணி சாட்டிலைட்டைக் கொண்டுபோய் வச்சுச்சு." மாப்பிள்ளைக்கு முட்டி சிராய்ந்திருந்தது. வரலாறு வேண்டியிருக்கவில்லை, தேங்காய் எண்ணெய் வேண்டியிருந்தது.

அடுத்த வருடம் அவன் அக்காவைப் பி.எஸ்.எல்.வி. ஆக்கினார். வெறுமனே நின்று வசனம் சொன்னால் போதாது, பாதையும் சரியாக இருக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் இலங்கை குறுக்கே வரும். அதனால் ராக்கெட் முதலில் தென்கிழக்கே போய், இலங்கையைத் தாண்டிய பிறகுதான் வளையும். "மருமகளே, மைக் பக்கத்துல நிக்கிற டீச்சர்தான் இலங்கை. அவுகளைத் தொடாம சுத்திப் போயித் திரும்பணும்" என்றார். கீழே உட்கார்ந்திருந்த ஒரு நாட்டுப்படகுக்காரர், "இதை நம்ம ஊருப் பிள்ளைக்குத் தனியாச் சொல்லித் தரணுமாக்கும்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மாமாவின் வாழ்க்கையில் பெரிய விபத்து, அயர்ன் மேன். ஒரு பயல் அடம்பிடித்துக் கேட்டான். மீன்பெட்டியைப் பிளேடால் செதுக்கித் தலையை அழகாகவே கொண்டுவந்துவிட்டார். படகுக்கு அடித்த சிவப்புப் பெயின்ட் மிச்சம் இருந்தது. கெட்டியாக இருக்கிறதே என்று தின்னர் ஊற்றிக் கலக்கி அடித்தார். கண் முன்னாலேயே அயர்ன் மேனின் மூக்கு உள்ளே போனது. பிறகு கன்னம். தாடை இறங்கி நெஞ்சோடு சேர்ந்தது. தின்னரில் தெர்மாகோல் கரைந்துவிடும், பேப்பரை மைதாப் பசையில் ஒட்டிக் காயவிட்டுத்தான் அதன்மேல் பெயின்ட் அடிக்க வேண்டும் என்ற பாடம் இரவு பதினொன்றுக்குக் கிடைத்தது. பயல் அழுகிறான். எதிரே சிவப்பாக, குண்டும் குழியுமாக, உருண்டையாக ஒன்று கிடக்கிறது. மாமா அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஏப்பா, இது செவ்வாய் கிரகம்டா!"

மறுநாள் பயல் மங்கள்யானாகப் போனான். செவ்வாயைச் சுற்றிவந்து, "2014 செப்டம்பர் 24-இல் வந்து சேர்ந்தேன். முதல் முயற்சியிலேயே!" என்றான். மங்கள்யானுக்கு ஆன செலவு 450 கோடி. கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய்தான், அகமதாபாத் ஆட்டோவைவிட மலிவு என்று பிரதமர் அப்போது பேசியிருந்தார். அவர் ராமேஸ்வரம் ஆட்டோவில் ஒரு தடவை ஏறியிருந்தால் ஒப்பிட இன்னும் வசதியாக இருந்திருக்கும்.

2023 ஆகஸ்ட் 23 மாலை ஆறு மணி நாலு நிமிடத்துக்கு விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்றதும் தமிழ்நாடே நெஞ்சை நிமிர்த்தியது. மாமா நெஞ்சை நிமிர்த்தியபடியே டி.வி.யில் லேண்டரின் காலை எண்ணிக்கொண்டிருந்தார். நாலு. அந்த வருடம் எல்லாப் பள்ளியிலும் லேண்டர்கள் இறங்கின. எல்லாவற்றுக்கும் கடையில் வாங்கிய தங்க ஜிகினாத்தாள். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. விண்கலத்தில் தங்கம் எங்கே இருக்கிறது? அது மஞ்சள் படிந்த ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், பின்புறம் அலுமினியப் பூச்சு. மஞ்சளுக்குள்ளிருந்து வெள்ளி மின்னுவதால்தான் தங்கமாகத் தெரிகிறது. அதே மாதிரி செய்தார். பிரியாணித் தாளை நன்றாகக் கசக்கி விரித்து, அதன்மேல் மாலைக்குச் சுற்றுகிற மஞ்சள் கண்ணாடித்தாளைப் போர்த்தினார். குழல் விளக்கின் கீழே அது மின்னிய மின்னலைப் பார்த்து அத்தையே கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்தாள். "வளையலுக்குச் சுத்துனா நல்லா இருக்கும்" என்றாள். இருபது வருடக் கல்யாண வாழ்க்கையில் மாமாவுக்குக் கிடைத்த முதல் பாராட்டுப் பத்திரம்.

அந்த லேண்டரைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்ச் சேர்த்ததை இஸ்ரோகூடச் செய்திருக்காது. பாம்பன் காற்று என்பது வெளியூர்க்காரர்களுக்குப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும்போது தெரிகிற காற்று. உள்ளூரில் அது கூடவே குடியிருக்கிறது. 2017-இல் வைகை அணையில் ஆவியாவதைத் தடுக்க அமைச்சர் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டு, காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளிவிட்டதை ஊரே கேலி பேசியபோது மாமா மட்டும் சிரிக்கவில்லை. "காத்துன்னா என்னன்னு தெர்மாகோல் சுமந்தவனுக்குத்தான் தெரியும்" என்றார். லேண்டரோடு கிளம்பிய அன்றைக்கு டி.வி.எஸ். வண்டியின் பின்னால் பிள்ளை, பிள்ளைக்கு வெளியே நாலு பக்கமும் பைப் கால். நெடுஞ்சாலையில் பஸ் ஒன்று கடந்தபோது லேண்டர் வண்டியை விட்டுக் கொஞ்சம் மேலே எழும்பியதாக டீக்கடையில் இருந்தவர்கள் சொல்கிறார்கள். மாமா மறுக்கிறார்.

போய்ச் சேர்ந்து, பஞ்சாயத்துத் தலைவர் வரக் காத்திருந்து, பிள்ளையின் முறைக்கு முன்னால் இரண்டு கட்டபொம்மன் இருந்தபோது, லேண்டருக்குள்ளிருந்து மெல்லக் குரல் வந்தது.

"மாமா, ஒன்னுக்கு."

சொந்தமாக வேடம் செய்கிற உலகத்தில் தீர்க்கப்படாத ஒரே விஞ்ஞானப் பிரச்சினை இதுதான். மாமா இன்றுவரை விடை கண்டுபிடிக்கவில்லை. முந்தின நாள் ராத்திரியிலிருந்து தண்ணீர் கொடுக்காதே என்று தங்கச்சியிடம் சொல்லிப் பார்த்தார். அவளுக்கு வந்த கோபத்தில், வேடம் கட்டுவதே நின்றுபோக இருந்தது.

ஆனால் மாமாவின் பெயர் நிற்கப்போவது பாலத்தால். 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தார்கள். 1914-இல் கட்டிய பழைய பாலத்தில், நடுவில் இருந்த ஷெர்சர் தூக்குப்பாலம் இரண்டாகப் பிளந்து இரு கைகளாக மேலே போனது, ஆட்கள் நின்று நெம்புகோலைச் சுற்றித் தூக்கினார்கள். புதியதில் 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு, இரண்டு கோபுரங்களுக்கு நடுவே, படுத்த வாக்கிலேயே 17 மீட்டர் மேலே ஏறும். மோட்டார் வேலை. அக்கா தம்பி இருவருக்கும் வேடம் வேண்டும் என்று தங்கச்சி கேட்டபோது, மாமாவின் கண்ணில் இரண்டு பாலமும் ஒருசேரத் தெரிந்தன.

அக்கா பழைய பாலம். இரண்டு கையிலும் அட்டையில் வெட்டிய இரும்புச் சட்டங்கள். கையை நீட்டினால் பாலம் மூடும், தூக்கினால் திறக்கும். பைசா செலவில்லை, பழுதுக்கும் வழியில்லை. தம்பி புதிய பாலம். அவன் இரு பக்கமும் மீன்பெட்டியில் செய்த இரண்டு கோபுரம், உச்சியில் நூற்கண்டில் செய்த கப்பி, நைலான் நூல், மறுமுனையில் எதிர் எடைக்கு வலையில் கட்டுகிற ஈயக் குண்டு. எடையும் எதிர் எடையும் சரியாக இருந்தால் ஒரு விரலால் இழுத்தாலே பாலம் ஏறும். அந்தச் சரிசமத்துக்கு ஈயத்தைச் சுரண்டிச் சுரண்டி மாமா ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். "1964 புயல்ல போன பாலத்தை ஆறு மாசத்துல கட்டணும்னாக. ரயில்வே எஞ்சினியர் ஸ்ரீதரன் 46 நாள்ல முடிச்சாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "அவரு வீட்டுக்காரி தூங்கியிருப்பா" என்று இருட்டிலிருந்து பதில் வந்தது.

மேடையில் அக்கா கையைத் தூக்கினாள். அத்தை மகள் காகிதக் கப்பலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடந்தாள். கைதட்டல். அடுத்து தம்பி நூலை இழுத்தான். பாலம் பாதி ஏறி, கப்பியில் சிக்கி, ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து நின்றது. கப்பல் நடுவழியில் காத்திருந்தது. நடுவர் ஒருவர், "ரயில்வேக்குச் சொல்லிவிடுங்கப்பா" என்றார். கூட்டம் உருண்டு சிரித்தது. தம்பி கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு நூலை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்து, "நீயே தொறந்து விடு" என்றான். அக்கா தொறந்தாள். கப்பல் போனது.

வேடம் கட்டுவது நம் கடற்கரைக்குப் புதிதல்ல. தெற்கே குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்கு நேர்ந்துகொண்டு விரதமிருந்து காளியாக, குறவனாக, போலீஸ்காரனாக, குரங்காக வேடமிட்டு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி முத்தாரம்மனுக்குச் செலுத்துகிறார்கள். அதே குலசையில்தான் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து நேர் தெற்கே விடலாம், இலங்கை குறுக்கே வராது. மாமாவுக்குக் கை கால் ஓடவில்லை. "வேசம் கட்டுற ஊருக்கே ராக்கெட்டைக் கொண்டாந்துட்டாக பாரு" என்று அத்தையிடம் சொன்னார். ராக்கெட் வேடம் கட்டி அம்மனுக்குக் காணிக்கை வாங்கினால் தெய்வக் குற்றம் ஆகுமா என்பதுதான் இப்போது அவருக்குள் ஓடுகிற கேள்வி.

சமீபத்தில் டொராண்டோவிலிருந்து ஒரு மருமகள் வீடியோவில் வந்தாள். ஹாலோவீனுக்கு அவள் பையன் ஸ்டார் வார்ஸ் ரோபோவாகப் போக வேண்டுமாம், கடையில் விலை கேட்டால் தலை சுற்றுகிறதாம். அக்டோபர் 31, சகல புனிதர்கள் திருநாளுக்கு முந்தின ராத்திரி. "நம்ம நவம்பர் ரெண்டுல கல்லறையில மெழுகுதிரி கொளுத்துறோம். ரெண்டு நாள் முன்னாடி அவுக பேய் வேசம் போடுறாக, அம்புட்டுத்தானே?" என்று மாமா ஹாலோவீனை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு வேலைக்கு வந்தார். பார்சல் வந்த அட்டைப்பெட்டியை உடம்புக்கு வைக்கச் சொன்னார். கைக்கு, துணி காயவைக்கிற மெஷினுக்கு மாட்டுகிற மடிப்புக் குழாய் அங்கே மலிவாம். அந்தக் குழாயைக் கேமராவில் காட்டச் சொல்லி மாமா பெருமூச்சு விட்டார், அது மட்டும் அக்காள்மடத்தில் கிடைத்தால்! குளிருக்குத் தடித்த ஜாக்கெட் போட்டு அதற்கு மேல்தான் வேடம் மாட்ட வேண்டும் என்றாள். சுற்றளவில் நாலு இஞ்ச் கூட்டினார். கடைசியாக ஒன்று கேட்டார்.

"காத்து எப்படி அங்கிட்டு?"

பரிசு? மாமா செய்த எந்த வேடத்துக்கும் முதல் பரிசு வந்ததில்லை. அது எப்போதும் பாரதிக்குப் போகிறது. கண்மையால் மீசை, அப்பாவின் வெள்ளை வேட்டியில் முண்டாசு, வாடகைக் கோட்டு. செலவு 300 ரூபாய், ராத்திரி ஒன்பதுக்கே வீட்டில் எல்லாரும் தூங்கிவிடுகிறார்கள். மாமாவின் பிள்ளைகளுக்கு ஆறுதல் பரிசு, சோப்பு டப்பா. அந்த டப்பாக்களும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன. ஒன்று ஏற்கெனவே ரோவரின் உடம்பாகிவிட்டது. என்னைக் கேட்டால் நடுவர்கள் கண்மை மீசைக்குக் கொடுக்கிற மதிப்பெண்ணில் பாதியையாவது, சிக்கிக்கொண்டாலும் பாதி ஏறிய பாலத்துக்குக் கொடுக்கலாம்.

டீச்சர்மாருக்கும் ஒரு வேண்டுகோள்: அறிவிப்பை வாட்ஸப்பில் போட்டு நிறுத்தாமல், மாமாக்களுக்கு நேரடியாக ஒரு போன் போட்டுவிடுங்கள். மீன் ஏற்றுகிறவர்களுக்கு ஒன்று: அக்டோபர் இரண்டாவது வாரத்தில் அக்காள்மடம் பக்கம் ஒருவர் வண்டியை நிறுத்தி உடைந்த பெட்டி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்று சொல்லாதீர்கள். மூடியையும் சேர்த்துக் கொடுங்கள். சோலார் பலகை மூடியில்தான் வரும்.